விண்ணில் அடிக்கும் புயலுக்கும் ஒரு கூண்டு ஏற்றுங்கள்

இந்திய வானிலை ஆய்வுத் துறையினருக்கும், சூரியனைக் கவனிக்கும் ஆதித்யா எல்-1 விண்கலத்தின் தரவுகளைக் கையாளும் இஸ்ரோ அறிவியலாளர்களுக்கும், தமிழ்நாடு மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தினருக்கும் தூத்துக்குடியிலிருந்து எழுதும் திறந்த மடல்.

மதிப்புக்குரியோரே, வணக்கம்.

துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளைப் பற்றி இந்தக் கடற்கரையில் பிறந்த எவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் கம்பத்தில் ஏறும். ஒன்றாம் எண் ஏறினால் தொலைவில் ஏதோ உருவாகிறது என்று பொருள். மூன்று, நான்கு என்றால் துறைமுகத்துக்கே காற்று வரலாம். எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயம். பத்தோடு முடிந்துவிடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பதினொன்று என்றும் ஒரு கூண்டு உண்டு. எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, இனி அங்கிருந்து சொல் வராது, நிலைமை மோசமென்று எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே அதன் பொருள். காற்றின் வேகத்தையோ அலையின் உயரத்தையோ சொல்லாமல், செய்தி நின்றுபோனதையே ஓர் ஆபத்தாகச் சொல்லும் கூண்டு அது. அந்தப் பட்டியலைத் தொகுத்தவர்கள் கடலை அறிந்தவர்கள் என்று அதைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

செய்தி நின்றுபோவதைப் பற்றித்தான் நான் எழுதுகிறேன். இன்று அது புயலாலும் மழையாலும் மட்டும் நிற்பதில்லை. சூரியனாலும் நிற்கிறது.

நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அமெச்சூர் வானொலி உரிமம் வைத்திருப்பவன். சொந்த வானொலிக் கருவி வைத்து ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் எங்களை ஹாம் என்று சொன்னால் பலருக்குப் புரியும். 2024 மே 10, வெள்ளிக்கிழமை, அட்சய திருதியை நாள். நண்பகல் தாண்டி, பன்னிரண்டரை மணிக்குச் சற்று முன்பு, 7 மெகாஹெர்ட்ஸ் சிற்றலை வரிசையில் மதுரை நண்பர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். வாக்கியத்தின் நடுவிலேயே அவர் குரல் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இறங்கியது. குரல் போனால் இரைச்சலாவது மிஞ்ச வேண்டும். எங்கோ மின்னல் அடிக்கும் படபடப்பு, தொலைதூர நிலையங்களின் முணுமுணுப்பு, எப்போதும் கேட்கும் அந்தச் சலசலப்பு இருந்தாக வேண்டும். அன்று அதுவும் சேர்ந்து அடங்கியது. அளவுமானியின் முள் இடது ஓரத்தில் போய்ப் படுத்துவிட்டது. கருவியில் விளக்கு எரிகிறது, மின்சாரம் இருக்கிறது, ஆனால் வானம் மட்டும் இல்லை என்பதுபோல் இருந்தது.

ஆண்டெனாக் கம்பி அறுந்துவிட்டது என்றே நினைத்தேன். உப்புக்காற்று அடிக்கும் ஊரில் எந்த இணைப்பும் இரண்டு ஆண்டுக்கு மேல் தாங்காது. மொட்டை மாடிக்கு ஏறி, வெயிலில் நின்று, ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. கீழே இறங்கி வந்து உட்கார்ந்திருந்தபோது சலசலப்பு மெல்லத் திரும்பியது. அதற்குப் பின்னால் குரல்களும் வந்தன. மதுரை நண்பரும் தன் மாடிக்கு ஏறி இறங்கியிருந்தார். நாகர்கோவில் நண்பர் பழுதென்று எண்ணிக் கருவியைப் பிரித்தே வைத்துவிட்டார்.

பிறகுதான் தெரிந்தது. நம் நேரப்படி நண்பகல் 12.24 மணிக்குச் சூரியனில் எக்ஸ் என்னும் மிக வலிய வகைப் பெருவெடிப்பு ஒன்று உச்சம் தொட்டிருக்கிறது. அந்த நேரத்தில் இந்தியா நேராகச் சூரியனுக்குக் கீழே இருந்தது. வெடிப்பிலிருந்து வந்த எக்ஸ் கதிர்கள் வளிமண்டலத்தின் மேலடுக்கில் அயனிகளைப் பெருக்க, சிற்றலைகளைத் திருப்பி அனுப்ப வேண்டிய வானம் அவற்றை விழுங்கிவிட்டது. அன்றிரவு பத்தரை மணியளவில் அதே சூரியப் பகுதியிலிருந்து முந்தைய நாட்களில் கிளம்பிய, மின்னூட்டத் துகள்களாலான பிளாஸ்மா மேகங்கள் பூமியை வந்து மோதின. 2003 அக்டோபருக்குப் பிறகு முதல் முறையாக, ஜி5 என்னும் மிக உயர்ந்த அளவை எட்டிய புவிகாந்தப் புயல் அது. லடாக்கின் ஹான்லேயில் இரவு வானம் சிவந்தது. அந்தப் படங்களை எல்லோரும் பார்த்தோம்; அழகாக இருந்தது என்று பகிர்ந்துகொண்டோம்.

அன்று மாலை நான் மீன் இறங்குதளம் ஒன்றுக்குப் போயிருந்தேன். எந்தத் தளம், யாருடைய பலகை என்று சொல்வது இங்கே தேவையில்லை. காற்றின் வேகம், அலை உயரம், எந்தக் கடற்பகுதிக்குப் போகக்கூடாது என்பதெல்லாம் சுண்ணக்கட்டியில் சுத்தமாக எழுதியிருந்தது. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. நாட்டுப்படகுகளும் ஃபைபர் படகுகளும் மட்டும் கடலுக்குப் போயிருந்தன. இன்று பகலில் சிற்றலை நின்றது, இன்று இரவு ஜி.பி.எஸ். தடுமாறலாம் என்று ஒரு வரி அங்கே இல்லை. அந்தப் பலகையை எழுதியவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு அதைச் சொன்னவர் யாருமில்லை. ஆனால் அமெரிக்காவின் விண்வெளி வானிலை மையம் கடுமையான புயல் வரலாம் என்ற முன்னறிவிப்பை முதல் நாளே வெளியிட்டிருந்தது. அந்த அளவிலான முன்னறிவிப்பை அவர்கள் வெளியிட்டது 2005-க்குப் பிறகு அதுவே முதல் முறை.

தடைக்காலத்தில் வந்ததால் பிழைத்தோம் என்று விட்டுவிடவும் முடியாது. அதே ஆண்டு அக்டோபர் 10 இரவில் அடுத்த கடும் புயல் வந்தது. அப்போது விசைப்படகுகள் கடலில் இருந்தன.

இதைப் படிக்கும்போது, அது என்ன, சற்று நேரம் ரேடியோ கேட்கவில்லை, அவ்வளவுதானே என்று உங்களில் யாருக்கேனும் தோன்றலாம். அவர்களுக்காக 2017 செப்டம்பர் 6-ஆம் தேதியை நினைவூட்டுகிறேன். அன்று காலை கரீபியன் கடலில் இர்மா என்ற பெரும் புயல் பார்புடா, செயின்ட் மார்ட்டின் தீவுகளைச் சிதைத்துக்கொண்டிருந்தது. செயின்ட் மார்ட்டினைப் புயல் தாக்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை; சூரியனில் அந்தப் பதினோராண்டுச் சுழற்சியின் மிகப் பெரிய வெடிப்பு நிகழ்ந்தது. செல்பேசிக் கோபுரங்கள் விழுந்து, மின்சாரம் போய், தீவுகளிலிருந்து செய்தி வர வேண்டிய முக்கிய வழியாகச் சிற்றலை இருந்த அந்த நேரத்தில் அந்தச் சிற்றலையே மங்கியது. புயல் செய்திகளைக் கடத்திக்கொண்டிருந்த ஹாம் வலையமைப்பினர் காதைத் தீட்டி வைத்துக் காத்திருந்தார்கள். பிரேசில், பிரெஞ்சு கயானா கடற்பரப்புக்கு மேலே பறந்த ஒரு விமானத்தோடு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் தொடர்பு கிடைக்காமல் எச்சரிக்கை நிலை அறிவிக்க வேண்டியதாயிற்று. மண்ணில் ஒரு புயல், விண்ணில் ஒரு புயல். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டும் ஒரே காலையில் வந்தன. சம்பந்தமில்லை என்பதுதான் இதில் எனக்குப் பயம் தருவது. நம் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சூரியன் விடுப்பு எடுத்துக்கொள்ளாது.

இர்மாவுக்குப் பிறகு மூன்று மாதம்கூட ஆகவில்லை, நமக்கு ஒக்கி வந்தது. 2017 நவம்பர் 29 காலையில் அது ஒரு தாழ்வு மண்டலம். மறுநாள் காலையில் புயல். 72 மணி நேரத்துக்கு முன் கண்காணிப்பு, 48 மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கை, 24 மணி நேரத்துக்கு முன் அபாய அறிவிப்பு என்று நீங்கள் பழுதில்லாமல் வகுத்து வைத்திருக்கும் படிகளுக்கு அந்தப் புயல் இடமே கொடுக்கவில்லை. குமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி பக்கத்து மீனவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தூண்டில் போடுகிறவர்கள். தாழ்வு மண்டலம் உருவாகும் முன்பே அவர்கள் கரையை விட்டுப் போயிருந்தார்கள். கையில் இருந்தது வி.எச்.எஃப். கருவி, சில பத்துக் கிலோமீட்டருக்கு மேல் அது எட்டாது. எச்சரிக்கை கரையில் இருந்தது, எச்சரிக்கப்பட வேண்டியவர்கள் கடலில் இருந்தார்கள். இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநிலங்களிலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இன்னும் அந்த நவம்பரைச் சுமக்கின்றன. அந்த ஊர்களில் வீட்டுச் சுவர்களில் மாட்டியிருக்கும் படங்களின் கீழே ஒரே தேதியைப் பார்த்திருக்கிறேன்.

ஒக்கிக்குப் பிறகு நீங்கள் சும்மா இருக்கவில்லை. அதை நன்றியோடு சொல்கிறேன். 2019-இல் ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் நிறுவனம் ஜெமினி கருவியைக் கொண்டுவந்தது. ககன் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி கடலுக்கே போய்ச் சேர்ந்தது. அதில் மீனவர் பதில் சொல்ல முடியாது என்ற குறை இருந்தது. அதையும் தீர்க்க, இருவழித் தொடர்புள்ள டிரான்ஸ்பாண்டர் கருவியை இஸ்ரோ உருவாக்கியது. ஒரு லட்சம் படகுகளில் அதைப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. ஆபத்தில் பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோளுக்குச் சேதி போகும் கருவிகள் அதற்கு முன்பிருந்தே பல ஆயிரம் படகுகளில் இருக்கின்றன. இவையெல்லாம் உயிர் காத்தவை, இனியும் காக்கப்போகிறவை.

ஆனால் இவை அத்தனையும் மேலே பார்த்து நிற்கின்றன. கரையிலிருந்து கடலுக்குப் போகும் ஒவ்வொரு சொல்லும் இப்போது விண்ணுக்குப் போய்த்தான் இறங்குகிறது. போகும் வழியில், வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தைக் கடக்கிறது. அந்த வழி நம் தலைக்கு மேலே மற்ற இடங்களைவிடக் கரடுமுரடானது என்பது உங்களில் விண்வெளி இயற்பியல் படித்தவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலி வட்டாரத்தை ஒட்டித்தான் போகிறது. 1963-இல் தும்பாவில் ராக்கெட் ஏவத் தேர்ந்தெடுத்ததற்கே அதுதான் காரணம். திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பதும் அதனால்தான். பொழுது சாய்ந்த பிறகு இந்தக் கோட்டின் மேலே அயனி மண்டலத்தில் குமிழ்கள் எழுந்து வடக்கும் தெற்குமாக விரிகின்றன. அவற்றின் ஊடே வரும் செயற்கைக்கோள் சமிக்ஞை, கொதிக்கும் பாலின் ஆவிக்குப் பின்னால் தெரியும் முகம்போல் அலைகிறது. சூரியன் உக்கிரமாக இருக்கும் ஆண்டுகளில், அதிலும் மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், மாலை ஏழு மணி முதல் நள்ளிரவு வரை இது அடிக்கடி நடக்கும். கணவாய் பிடிக்க விளக்கோடு உட்காரும் நேரமும் அதுதான்.

நமக்கு என்ன, சூரியப் புயலெல்லாம் துருவத்துக்காரர்களுக்குத்தானே என்ற பேச்சு படித்தவர்களிடமும் இருக்கிறது. 1859 செப்டம்பரில் வந்த வரலாறு காணாத சூரியப் புயலின்போது பம்பாயின் கொலாபா ஆய்வகத்துக் காந்தமானி பதிந்த காந்தப்புல வீழ்ச்சியை இன்றும் உலகமெங்கும் எடுத்துக் காட்டுகிறார்கள். பம்பாய் துருவத்தில் இல்லை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் நான் பயமுறுத்துகிறேன் என்றாகிவிடும். ஜி.பி.எஸ். பத்து மீட்டர், இருபது மீட்டர் பிசகுவது மீன்பிடிப்பவருக்குப் பெரிதல்ல. அந்தப் பிசகு யாரையும் கடல் எல்லையைத் தாண்டிக் கொண்டுபோய் விடாது. கருவி செயற்கைக்கோளைப் பிடித்திருந்த பிடியை விட்டுவிடுவதுதான் சிக்கல். திரையில் படகின் குறி அப்படியே உறைந்து நிற்கும். படகு நீரோட்டத்தில் போய்க்கொண்டே இருக்கும். ராமேசுவரத்துக்கும் நெடுந்தீவுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய கடலில், இருட்டில், அரை மணி நேரம் அப்படிப் போனால் என்ன நடக்கும் என்பதைப் பாக் நீரிணையில் தொழில் செய்யும் எந்தக் குடும்பத்திடமும் கேட்டுப் பாருங்கள். திரை உறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. பெட்டிக்குள் கிடக்கும் காந்தத் திசைகாட்டி அப்போதும் கைகொடுக்கும். எவ்வளவு பெரிய புவிகாந்தப் புயலிலும் நம் பகுதியில் அதன் முள் நகரும் அளவு படகோட்டியின் கண்ணுக்குத் தெரியாது. இதைச் சொல்ல ஒரு வரி போதும்.

சூரியனையும் மழையையும் ஒன்றாகப் பாருங்கள் என்று கேட்பது புதுமையும் அல்ல. தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சுடுகாடாக்கிவிட்டுப் போன பிறகு, பருவமழை ஏன் பொய்க்கிறது என்ற கேள்வியில்தான் சூரியனைத் தொடர்ந்து கவனிக்க ஓர் ஆய்வகம் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டது. கொடைக்கானல் மலையில் அந்த ஆய்வகம் எழுந்தது. 1899-இல் அது இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கீழ் வந்தது. 1909-இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தது அங்கேதான். 1971-இல் இந்திய வானியற்பியல் நிறுவனம் தனியாகப் பிரியும்வரை, எழுபது ஆண்டுகளுக்கு மேல், மழையை அளந்தவர்களும் சூரியனைப் படம் பிடித்தவர்களும் ஒரே துறையின் ஊழியர்கள். ஒவ்வொரு தெளிந்த நாளும் மலையேறிப் போய் எடுத்த கண்ணாடித் தகடுகள் ஒரு நூற்றாண்டுச் சூரியனை இன்றும் வைத்திருக்கின்றன. கொடைக்கானலுக்குப் போகும்போதெல்லாம் ஏரியையும் தூண் பாறையையும் பார்த்துவிட்டுத் திரும்பும் கூட்டத்தைக் கண்டு எனக்கு ஆதங்கமாக இருக்கும். அந்த மலையின் உண்மையான செல்வம் சற்று மேலே இருக்கிறது.

பிறகு துறைகள் பிரிந்தன. பிரிந்ததில் தவறில்லை, அறிவியல் வளர்ந்தால் பிரியத்தான் வேண்டும். மழையும் புயலும் கடலும் புவி அறிவியல் அமைச்சகத்தோடு இருக்கின்றன. சூரியனைப் பார்க்கும் ஆதித்யா விண்வெளித் துறையோடு இருக்கிறது. 2024 ஜனவரி 6 முதல் அது 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், நமக்கும் சூரியனுக்கும் நடுவிலுள்ள அந்தச் சமநிலைப் புள்ளியைச் சுற்றிக்கொண்டு, சூரியக் காற்றையும் காந்தப்புலத்தையும் எக்ஸ் கதிர்களையும் அளக்கிறது. கொல்கத்தாவின் ஐஐசெர் என்னும் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனத்தில் இளம் ஆய்வாளர்கள் சூரியப் புயலை முன்கணித்துச் சொல்கிறார்கள். கிருஷ்ணாபுரத்தில் காந்தப்புலத்தை அளக்கிறார்கள். அறிவு நம்மிடம் நிறைய இருக்கிறது. அது மீன் இறங்குதளத்துப் பலகைவரை நடந்து வருவதற்குத்தான் வழி இல்லை.

பிரிட்டனின் வானிலை அலுவலகம் மழை முன்னறிவிப்பு தரும் அதே நிறுவனத்துக்குள் விண்வெளி வானிலை மையம் ஒன்றை 2014 முதல் இரவும் பகலும் நடத்துகிறது. அமெரிக்காவிலும் சூறாவளிக்கும் சூரியப் புயலுக்கும் எச்சரிக்கை தருவது ஒரே வானிலைத் துறைதான். விமானங்களுக்கு, பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் ஏற்பாட்டில் 2019 நவம்பர் முதல் உலகளாவிய மையங்கள் விண்வெளி வானிலை அறிவிப்புகளை அனுப்புகின்றன. சிற்றலை போகுமா, செயற்கைக்கோள் வழிகாட்டல் தடுமாறுமா, கதிர்வீச்சு கூடுமா என்று விமானிக்குத் தாளில் வருகிறது. வானில் இருப்பவருக்குக் கிடைக்கும் அந்தத் தாள் கடலில் இருப்பவருக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். அதற்குப் புதிய துறை வேண்டாம், புதிய கட்டடம் வேண்டாம். நாள்தோறும் நீங்கள் தமிழில் வெளியிடும் மீனவர்களுக்கான எச்சரிக்கையின் அடியில் விண் நிலவரத்துக்கென்று ஒரு வரி வேண்டும்.

அந்த வரி எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. ஜி4 என்றும் கே.பி. 8 என்றும் எழுதினால் அது பலகையில் ஏறும், மனத்தில் ஏறாது. மழையிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. இருபது சென்டிமீட்டரைத் தாண்டினால் அதி கனமழை என்பது உங்கள் வகைப்பாடு. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. 21-க்கும் 95-க்கும் ஒரே பெயர். அன்று எங்கள் மாவட்டத்தில் கழுத்தளவு நீரில் நின்றவர்களுக்கு அந்தப் பெயர் எதையும் சொல்லவில்லை. தாமிரபரணிக் கரையில் எந்தத் தெரு முழுகும், எந்தப் பாலத்தில் போகக்கூடாது என்பதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நின்றுபோன நூற்றுக்கணக்கான பயணிகளுக்கும் அதுவே வேண்டியிருந்தது. ஆகவே விண் நிலவரத்தில், புயலின் தரத்தைச் சொல்லாதீர்கள். எது வேலை செய்யாது, எவ்வளவு நேரம், அப்போது என்ன செய்வது என்று சொல்லுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“இன்றும் நாளையும் பகல் நேரத்தில் சிற்றலை வானொலி திடீரென்று ஒரு மணி நேரம்வரை கேட்காமல் போகலாம். கருவி பழுதென்று எண்ணிப் பிரிக்க வேண்டாம். கரைக்கு அருகில் வி.எச்.எஃப். வழக்கம்போல் இயங்கும்.”

“இன்று மாலை 7 மணி முதல் நள்ளிரவு வரை ஜி.பி.எஸ். நின்று நின்று வரலாம். எல்லையை ஒட்டித் தொழில் செய்வோர் இருட்டும் முன் விலகி வரவும். திரையில் குறி நகரவில்லையென்றால் திசைகாட்டியைப் பார்த்து மேற்கே ஓட்டவும்.”

மேற்கே என்பது பாக் நீரிணையின் நம் பக்கத்துக்குப் பொருந்தும். கன்னியாகுமரிக்கு வேறு எழுத வேண்டும். கடற்பகுதி வாரியாகப் பிரித்து எழுதும் பழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது.

சூரியனை முன்கூட்டிச் சொல்வது புயலைச் சொல்வதைவிடக் கடினம் என்று நீங்கள் பதில் எழுதலாம். ஒப்புக்கொள்கிறேன். வெடிப்பின் எக்ஸ் கதிர் எட்டு நிமிடத்தில் ஒளியோடு ஒளியாக வந்துவிடுகிறது. அதற்கு முன்னால் ஓடிவந்து சொல்லும் தூதர் யாருமில்லை. வாய்ப்பு அதிகம் என்று மட்டுமே காலையில் சொல்ல முடியும். பிளாஸ்மா மேகம் அப்படியல்ல. கிளம்பியதிலிருந்து பூமிக்கு வர ஒரு நாள் முதல் மூன்று நாள் ஆகிறது. அது வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாவதைப் போன்றது. கண்காணிப்பு அறிவிப்பு தர நேரம் உண்டு. ஆனால் அந்த மேகத்தின் காந்தப்புலம் வடக்கு நோக்கியிருக்கிறதா, தெற்கு நோக்கியிருக்கிறதா என்பதைப் பொறுத்தே அடி மெதுவாக விழுமா, பலமாக விழுமா என்பது தெரியும். அது ஆதித்யா இருக்கும் இடத்தைத் தொடும்போதுதான் உறுதியாகும். விநாடிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மேகம் அங்கிருந்து பூமிக்கு வர ஏறத்தாழ அரை மணி நேரம். செல்பேசிகளுக்கு ஒரே நேரத்தில் ஒலியோடு எச்சரிக்கை அனுப்பும் முறையை நீங்கள் 2023-இலேயே சோதித்துப் பார்த்துவிட்டீர்கள். அன்று எங்கள் வீட்டில் எல்லாச் செல்பேசிகளும் ஒன்றாக அலறியபோது என் தாயார் பதறி எழுந்ததை மறக்கவில்லை. அத்தனை பேரையும் அலற வைக்க வேண்டாம். கடலோர மாவட்டங்களில் துறைமுகம், மீன்வளத் துறை, கடலோரக் காவல் படை, படகில் கருவி வைத்திருப்போர், எங்களைப் போன்ற ஹாம்கள் ஆகியோருக்கு மட்டும் அந்த அரை மணி நேரத்தில் செய்தி சேர்ந்தால் போதும்.

முன்னால் சொல்ல முடியாதபோது பின்னால் சொல்லுங்கள். அதற்கும் மதிப்பு உண்டு. மே 10 அன்று வானொலி அடங்கிய பத்தாவது நிமிடத்தில், இது சூரிய வெடிப்பால் நேர்ந்தது, ஒரு மணி நேரத்தில் சரியாகும் என்று ஒரே ஒரு செய்தி வந்திருந்தால் நாங்கள் இருவர் மாடியேறியிருக்க மாட்டோம், மூன்றாமவர் கருவியைப் பிரித்திருக்க மாட்டார். அது சிறிய விஷயம். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அந்தமானை அடித்து தொலைபேசிகள் செத்துப்போனபோது, தற்செயலாகப் போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்த ஹாம் குழு ஒன்றின் சிற்றலைதான் தீவுகளின் செய்தியை நிலத்துக்குக் கொண்டுவந்தது. அப்படியொரு நாளில் வானொலி அடங்கினால், கருவியைப் பிரிப்பதா, காத்திருப்பதா, வேறு அலைவரிசைக்கு மாறுவதா என்ற முடிவில் யாரோ ஒருவரின் உயிர் இருக்கும்.

எச்சரிக்கைகள் பெருகினால் மக்கள் காது கொடுக்க மாட்டார்கள் என்பது நியாயமான கவலை. அதனால்தான் தினமும் எழுதச் சொல்லவில்லை. சூரியன் அமைதியாக இருக்கும் நாட்களில் அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும். வெறுமையாக இருக்கும் இடத்தில் ஒருநாள் எழுத்து தோன்றினால் அது கண்ணில் படும். கம்பத்தில் கூண்டு ஏறாத நாட்கள்தான் அதிகம். அதனால்தான் ஏறிய நாளில் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறோம்.

தூத்துக்குடி, நாகர்கோவில், ராமநாதபுரம், நாகப்பட்டினம் பக்கத்து ஹாம்கள் சிலர் சேர்ந்து, 2024 மே மாதத்துக்குப் பிறகு ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த அலைவரிசை அடங்கியது, எப்போது திரும்பியது, படகுக்காரர்கள் யாரேனும் ஜி.பி.எஸ். உறைந்ததாகச் சொன்னார்களா என்று கையால் எழுதிய பக்கங்கள். அளவைக் கருவிகளின் துல்லியம் அதில் கிடையாது. ஆனால் உங்கள் கருவிகள் காட்டும் புயல் கரையில் எப்படி உணரப்பட்டது என்பது அதில் இருக்கிறது. மாதிரிக்கு ஒரு பருவமழைக் காலம் மட்டும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மன்னார் வளைகுடா, பாக் நீரிணை, குமரிக்கடல் ஆகிய மூன்று பகுதிகளுக்கு இந்த வரியை வெளியிட்டுப் பாருங்கள். சரியாக வந்ததா, தவறியதா என்பதை நாங்கள் நாள்தோறும் குறித்துத் தருகிறோம். குறிப்பேட்டின் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். கேட்கிற அலுவலகத்துக்கு நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
தூத்துக்குடியிலிருந்து ஓர் அமெச்சூர் வானொலி உரிமதாரர்